வால்டெமாருக்கு இருபத்தைந்து

ட்ரோல்ஸ் தலையைத் தொட்டியில் சாய்த்துக் கொடுத்த ஐந்தாவது நொடியே குட்டு வெளிப்பட்டுவிட்டது. விபெக்கெ வெந்நீரைத் திறந்தாள். அவன் முடியிலிருந்து வடிந்த தண்ணீர் காப்பி நிறத்தில் ஓடியது, கூடவே கமகமவென்று ஒரு வாசனை. முப்பது வருடமாக இந்த ஊர்த் தலைகளைக் கழுவி வெட்டிச் சீவிவிடுகிறவள் அவள். எந்தத் தலையில் எது இருக்கும், எது இருக்காது என்று அவளுக்குத் தெரியாதா?

"என்னடா இது?" என்றாள்.

"டை அடிச்சேன்," என்றான் ட்ரோல்ஸ், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு.

"எந்த ஊர்ல பேக்கரியில டை விக்கறாங்க?"

"இது புதுசு விபெக்கெ. இயற்கை டை."

"உன் காதுக்குள்ள மட்டும் அரைக் கரண்டி பட்டைத்தூள் இருக்கு. வழிச்சு எடுத்தா ஒரு கேக் சுட்டுடலாம். உண்மையச் சொல்றியா, இல்ல வெந்நிய இன்னும் சூடாக்கட்டுமா?"

உண்மை வந்தது. போன சனிக்கிழமை அவனுக்கு இருபத்தைந்து முடிந்தது. கல்யாணம் ஆகவில்லை. இந்த டென்மார்க்கில் அப்படிப்பட்டவர்களைச் சிநேகிதர்கள் சும்மா விட்டுவிடுவார்களா? கம்பத்தில் கட்டி, தண்ணீரை அடித்து நனைத்து, கிலோக் கணக்கில் பட்டைத்தூளைக் கொட்டி உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை அபிஷேகம் செய்துவிட்டுத்தான் அவிழ்ப்பார்கள். எதற்கு என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. கேட்டவனைப் பிடித்து அடுத்த கம்பத்தில் கட்டுவார்கள். ட்ரோல்ஸுக்கு வந்த சோதனை, திங்கட்கிழமை ஒரு வேலைக்கு நேர்முகத் தேர்வு. ஆறு தடவை குளித்தும் வாசனை போகவில்லை. ஊரில் முடி வெட்டும் கடை ஒன்றே ஒன்றுதான் என்பதால் வந்து மாட்டிக்கொண்டான்.

"எங்க வச்சு நடந்துச்சு? நம்ம தெருவுல ஒரு சத்தம்கூடக் கேக்கலையே."

"இங்கிருந்து இருபது கிலோமீட்டர். ஒரு பழைய கிடங்குக்குப் பின்னாடி. எஸ்பென்தான் பன்னி ஏத்தற டிரெய்லர்ல படுக்க வச்சு, மேல தார்ப்பாய் போட்டு மூடி, திரும்பக் கூட்டிட்டு வந்தான்."

"பன்னி டிரெய்லர்லயா!"

"கழுவித்தான் இருந்துச்சு."

"ஏண்டா இவ்ளோ பாடு?"

"உங்க கண்ணுல படக் கூடாதுன்னுதான்," என்றான் ட்ரோல்ஸ். "உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்ல. அவனுக்கும் அடுத்த மாசம்... உங்களுக்கே தெரியும்."

அவன்! அதோ, இவனும் 'அவன்' என்றுவிட்டான். விபெக்கெக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவனுக்குப் பெயர் இருக்கிறது. வால்டெமார். அவளுடைய ஒரே பிள்ளை. ட்ரோல்ஸ், எஸ்பென், ஃபிலிப்பா, வால்டெமார் நான்கு பேரும் மூன்று வயதிலிருந்தே ஒரே கும்பல். இரண்டரை வருடத்துக்கு முன் ஓர் அக்டோபர் மாலையில், பைக், வளைவு, ரோட்டில் ஈர இலைகள். இருபத்திரண்டு வயது. அதற்கு மேல் சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

ஊர் நல்ல ஊர். அதுதான் தொல்லையே. முதல் மாதம் ஆளுக்கொரு சட்டியில் சூப் கொண்டுவந்து வாசலில் வைத்தார்கள். அதற்கப்புறம் எல்லோரும் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றியதுபோல் அந்தப் பெயரை வாயிலிருந்தே துடைத்துப் போட்டுவிட்டார்கள். கடையில் இவளைப் பார்த்தால் உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னால் ஒதுங்கினார்கள். முடி வெட்ட உட்கார்ந்தால் மழை பெய்ததைப் பேசினார்கள், மழை பெய்யாததைப் பேசினார்கள், பக்கத்து நாட்டு மழையைக்கூடப் பேசினார்கள். வால்டெமாருக்குப் பட்டைச் சுருள் ரொட்டி என்றால் உயிர் என்பது ரொட்டிக் கடைக்காரருக்குத் தெரியும். அதனால் இவள் தலை தெரிந்ததும் அவர் அந்தத் தட்டை மட்டும் சரேலென்று மேசைக்கு அடியில் தள்ளிவிடுவார். டென்மார்க்கில் பிறந்து வளர்ந்து, காசு கொடுத்தும் ஒரு பட்டைச் சுருள் வாங்க முடியாத பெண் ஜென்மம் தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று விபெக்கெ வயிறெரிந்தாள்.

பக்கத்து வீட்டு கெத்தி செய்தது இதற்கெல்லாம் சிகரம். கெத்தியின் நாய்க்கும் வால்டெமார் என்றுதான் பெயர். பதினோரு வயதில் அந்தக் குட்டிக்குப் பெயர் வைக்கும் பொறுப்பை வாங்கிக்கொண்ட பையன், யோசித்து யோசித்துத் தன் பெயரையே வைத்துவிட்டு வந்தான். "நல்ல பேரு, ஒருத்தனோட நின்னுடக் கூடாதும்மா" என்றான். சவ அடக்கத்துக்கு மறுநாள் கெத்தி நாயின் பெயரை 'பம்ஸெ' என்று மாற்றிவிட்டாள். நாய்க்கு இதெல்லாம் புரியுமா? பம்ஸெ, பம்ஸெ என்று தொண்டை வறளக் கூப்பிட்டாலும் அது திரும்பிப் பார்ப்பதில்லை. மரியாதைக்காரியான கெத்தியோ பழைய பெயரைச் சொல்வதில்லை. மழையிலும் பனியிலும் ஒரு சாசேஜைக் கையில் பிடித்து ஊமைபோல் ஆட்டிக்கொண்டு வேலியோரம் நிற்பாள். வேலிக்கு இந்தப் பக்கம் விபெக்கெ, கூப்பிடேண்டி, ஒரே ஒரு தடவை சத்தமாகக் கூப்பிட்டுத் தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருப்பாள்.

ஊரை விடுங்கள். வீட்டில் தோர்கில் இருக்கிறானே, பையனின் அப்பா. இருபத்தெட்டு வருடமாக அவளோடு குடித்தனம் நடத்துகிறவன். கல்யாணத்தை மட்டும் அடுத்த கோடையில் பார்த்துக்கலாம் என்று தள்ளித் தள்ளியே காலம் ஓடிவிட்டது. இக்கரைக்கும் அக்கரைக்குமாக ஆறு நிமிட ஃபெரி ஓட்டுகிறான். அடக்கம் முடிந்து திரும்பிய நாளிலிருந்து அவன் வாயிலிருந்து அந்தப் பெயர் ஒரு தடவைகூட வந்ததில்லை. 'அந்த ரூம்' என்பான், 'அந்த சைக்கிள்' என்பான். இரண்டரை வருடத்தில் அந்த ரூமும் அந்த சைக்கிளும் யாருடையவை என்றே மறந்துபோகும்போல் ஆகிவிட்டது. இப்படியே போனால் தன் பிள்ளை இந்த உலகத்தில் இருந்ததற்கே சாட்சி இல்லாமல் போய்விடும் என்று விபெக்கெ பயந்தாள். அவளுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. பெற்ற தகப்பன் வாயால் அந்தப் பெயரை ஒரு தடவை கேட்க வேண்டும்.

அவள் ட்ரோல்ஸின் தலையைத் துண்டால் ஓங்கித் துவட்டினாள்.

"நல்லாக் கேட்டுக்கோ. மே பதினாலாம் தேதி வால்டெமாருக்கு இருபத்தஞ்சு வயசு. கல்யாணம் ஆகல. நீங்க மூணு பேரும் காலைல பத்து மணிக்கு எங்க வீட்டுத் தோட்டத்துல இருக்கணும். பட்டைத்தூளோட."

ட்ரோல்ஸ் துண்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தான். "ஆனா... யார் மேல போடறது?"

"அத நான் பாத்துக்கறேன். வராம இருந்து பாருங்க. இந்த ஜில்லாவுல உங்க மூணு பேருக்கும் முடி வெட்ட ஆள் கிடைக்காது."

மே பதினான்கு செவ்வாய்க்கிழமை. விடிந்தும் விடியாமலும் தோர்கில் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பி நின்றான்.

"இன்னைக்கு என்ன நாள் தெரியுமா?" என்றாள் விபெக்கெ.

"செவ்வாய்."

"வெறும் செவ்வாய்தானா?"

"ரெண்டு ஷிஃப்டும் நானே வாங்கிட்டேன்," என்று பூட்ஸைப் பார்த்துச் சொன்னான். "ராத்திரி வர நேரமாகும்."

கதவு சாத்திக்கொண்டது. நாள் முழுக்க அந்த ஆறு நிமிடத் தண்ணீரில் போய்ப் போய் வந்துகொண்டிருக்கப் போகிறானாம்! இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டு, இல்லை இல்லை, கட்டிக்கொள்ளாமலே இத்தனை வருடம் அழுகிறேனே என்று திட்டிக்கொண்டே விபெக்கெ அலமாரியிலிருந்து கொடியை எடுத்தாள். வீட்டில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் தோட்டத்துக் கம்பத்தில் கொடி ஏற வேண்டும். ஏற்றி முடித்தபோது வேலிக்கு மேலே கெத்தியின் தலை எழும்பியது.

"விபெக்கெ, நான் சொல்றேன்னு தப்பா நினைக்காத. செத்தவங்களுக்குன்னா பாதிக் கம்பத்துல..."

"பிறந்தநாளுக்கு எவளாவது பாதிக் கம்பத்துல ஏத்துவாளா?"

"அது சரிதான். ஆனா ரெண்டும் சேர்ந்து வந்தா? முக்கால்ல நிறுத்தலாமோ என்னமோ."

"கெத்தி, உள்ள போறியா, இல்ல நீயும் வந்து ஒரு கை பிடிக்கறியா?"

கெத்தி இரண்டும் செய்யவில்லை. நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து வேலிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

பத்து மணிக்கு மூன்று பேரும் வந்து நின்றார்கள், பல் டாக்டர் வாசலில் நிற்பவர்கள்போல. ட்ரோல்ஸ் கயிறு கொண்டுவந்திருந்தான். பன்றிப் பண்ணையில் வேலை பார்க்கும் எஸ்பென், ஆறடி நான்கு அங்குல உயரம், மார்போடு ஐந்து கிலோப் பையை அணைத்துக்கொண்டு நின்றான். மிருக வைத்தியம் படிக்கும் ஃபிலிப்பாவின் கையில் நீச்சல் கண்ணாடியும் தோட்டக் குழாயும்.

"இப்பச் சொல்லுங்க," என்றாள் ஃபிலிப்பா. "யார் மேல?"

"என் மேல," என்று விபெக்கெ கம்பத்தில் முதுகைச் சாய்த்து நின்றாள். "என்ன முழிக்கறீங்க? நானும் கல்யாணம் ஆகாதவதான். எனக்கு இருபத்தஞ்சு ஆனப்ப நிறைமாசம். தும்மினா பிள்ள வெளிய விழுந்துடும்னு சொல்லி விட்டுட்டாங்க. யாருக்காக அன்னைக்குத் தப்பிச்சேனோ அவனுக்காக இன்னைக்கு நிக்கறேன். கட்டுடா ட்ரோல்ஸ்."

ட்ரோல்ஸ் கட்டினான். காயம்பட்ட கைக்குக் கட்டுப் போடுவதுபோல் அவ்வளவு பதமாகச் சுற்றினான். ஃபிலிப்பா கண்ணாடியை மாட்டிவிட்டுத் தண்ணீரை அடித்தாள். பனிக்கட்டித் தண்ணீர்! விபெக்கெ போட்ட கூச்சலில் கெத்தியின் நாய் நாற்காலிக்கு அடியில் புகுந்துகொண்டது. அப்புறம் எஸ்பென் பையைப் பிரித்து, இரண்டு விரலால் ஒரு சிட்டிகை எடுத்து, அவள் தோளில் தூவினான்.

"என்னடா இது, கஞ்சிக்கு உப்புப் போடறியா?"

"எனக்குக் கை வர மாட்டேங்குது விபெக்கெ."

"வால்டெமார் உயிரோட இருந்திருந்தா இப்படித்தான் போட்டிருப்பியா?"

"அவன் மேலன்னா..." எஸ்பென் விரலில் ஒட்டிய தூளைச் சட்டையில் துடைத்தான். "அவன் மேலன்னா மொத்தப் பையையும் கவுத்திருப்பேன். என் கார் சீட்டுல ஒரு முழு மீனை ஒளிச்சு வச்சவன் அவன். ஜூலை மாசத்துல. பதினொரு நாள்."

"மீன் கதை எங்கிட்ட நீ சொன்னதே இல்லையே?"

"யார்கிட்டயுமே சொன்னதில்ல. எப்படிச் சொல்றது? சிரிப்பு வருமே."

"சிரிச்சா என்னடா ஆகும்?" என்று விபெக்கெ கத்தினாள். "எல்லாரும் சேந்து அவன ரெண்டாவது தடவையும் புதைச்சிட்டீங்க! வாயத் திறந்து பேரச் சொல்லுங்கடா! பேரச் சொல்லிப் போடுங்க!"

அப்புறம் ஃபிலிப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பையை எஸ்பெனிடமிருந்து பிடுங்கி, இரண்டு கையாலும் வாரி, "வால்டெமாருக்கு!" என்று வீறிட்டு விபெக்கெயின் முகத்திலேயே அறைந்தாள். அவ்வளவுதான், அணை உடைந்துவிட்டது. "மீனுக்கு!" என்று எஸ்பென். "என் புது ஷூவைக் கடல்ல போட்டதுக்கு!" என்று ட்ரோல்ஸ். தோட்டத்தில் பழுப்பு மேகம் ஒன்று கிளம்பி வேலியைத் தாண்டிப் போனது. கெத்தி பதினான்கு தும்மல் தும்மினாள். விபெக்கெ இருமிக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தாள், நடுநடுவே சிரிப்பு வேறு பொத்துக்கொண்டு வந்தது.

கீழே தண்ணீரிலிருந்து ஃபெரியின் சங்கொலி கேட்டது. மூன்று தடவை.

தோட்டம் மேட்டில் இருக்கிறது, ஃபெரித் துறை நேர் கீழே. நடுத் தண்ணீரில் வந்துகொண்டிருந்த ஃபெரியிலிருந்து தொலைநோக்கி வைத்துப் பார்த்தால் முழுக் கம்பத்தில் பறக்கும் கொடி தெரியும். கொடிக்கு அடியில் கட்டிப் போட்டிருக்கும் பெண்சாதியும் தெரிவாள். ஃபெரி அவசரமாக வந்து இடித்து நின்றது. இறங்க வேண்டிய கார்கள் இறங்கின, ஏற வேண்டியவை ஏறின. ஓட்ட வேண்டியவனோ ஐம்பத்தாறு வயதில், சீருடையோடு, மேட்டில் ஓடி வந்துகொண்டிருந்தான்.

"செத்தோம்," என்றான் ட்ரோல்ஸ்.

தோர்கில் வாசலைத் திறந்து வந்து நின்றான். மூச்சு வாங்கியது. கொடியைப் பார்த்தான், சுருங்கிப்போன பையைப் பார்த்தான், பொன்வறுவலாக நிற்கும் விபெக்கெயைப் பார்த்தான். இன்றோடு குடித்தனம் முடிந்தது என்று விபெக்கெ நினைத்தாள். முடிந்தால் முடியட்டும், அவளும் விடுவதாக இல்லை. கண்ணாடிக்குள்ளிருந்து முறைத்தாள்.

அவன் நேரே கம்பத்துக்குப் பின்னால் போய்க் குனிந்தான்.

"இத யாரு போட்டது?"

ட்ரோல்ஸ் கையைத் தூக்கினான்.

"இதுக்குப் பேரு முடிச்சா? இழுத்தா அவிழுது, விட்டா இறுகுது. இத நம்பி ஒரு ஆட்டுக்குட்டியக்கூடக் கட்ட முடியாது. நாப்பது வருஷமா கயிறோட இருக்கேன், இந்த அசிங்கத்த நான் பாத்ததே இல்ல. வால்டெமார் ஆறு வயசுல இதவிட நல்லாப் போடுவான். கண்ண மூடிக்கிட்டுப் போடுவான். படகத் துறையில கட்டறப்ப நான் திரும்பியே பாக்க மாட்டேன். வால்டெமார் கட்டினான்னா கட்டினதுதான்."

தோட்டம் கப்சிப் என்றாகிவிட்டது. தோர்கில் அதைக் கவனிக்கவில்லை, முடிச்சைத் திட்டுவதிலேயே குறியாக இருந்தான். விபெக்கெ அசையவில்லை, மூச்சுக்கூட விடவில்லை. எங்கே தும்மினால் நிறுத்திவிடுவானோ என்று மூக்கைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வலது கை மேல, இடது கை கீழ, இத வால்டெமாருக்கு நான் எத்தனை..."

அங்கே நின்றுவிட்டான். தன் வாயிலிருந்து வந்தது அவன் காதில் அப்போதுதான் விழுந்திருக்க வேண்டும். கயிறு கையில் தொங்கியது.

"எத்தனை தடவை?" என்றாள் விபெக்கெ. "சொல்லு தோர்கில். எத்தனை தடவை சொல்லிக் கொடுத்த?"

"ஒரு தடவைதான்," என்றான் தோர்கில். "ஒரே தடவைதான் விபெக்கெ. வால்டெமாருக்கு எதையும் ரெண்டு தடவை சொல்ல வேண்டியதில்லையே."

அப்படியே அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். கட்டிப்பிடிக்க அவளுக்குக் கை இல்லை, கையெல்லாம் கயிற்றுக்குள் இருந்தது. தலையை மட்டும் அவன் தலைமேல் சாய்த்துக்கொண்டாள். இரண்டரை வருடத்து அழுகையை அவன் அங்கே நின்று அழுதான். எஸ்பென் பையின் ஓரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அதில் ஒட்டியிருந்த தூளெல்லாம் கண்ணில் போக, குதித்தான்.

கீழேயிருந்து சங்கு ஊதியது. ஃபெரியில் காத்திருப்பவர்களில் யாரோ பொறுக்க முடியாமல் ஊதியிருப்பார்கள்.

தோர்கில் நிமிர்ந்தான். முகத்தில் ஒரு பக்கம் முழுக்கப் பட்டைத்தூள். "சரி, சரி, போகணும்," என்றான். ஆனால் அவளை அவிழ்க்கவில்லை. கயிற்றை எடுத்து, நிதானமாக, ஒழுங்கான முடிச்சு ஒன்றைப் போட்டுக் காட்டினான். "பாத்துக்கடா ட்ரோல்ஸ். இப்படி." அப்புறம் அவள் பக்கத்தில், கம்பத்தை ஒட்டி, தானும் நின்றுகொண்டான். "எனக்கும்தான் கல்யாணம் ஆகல. மிச்சம் இருக்கா?"

அரைக் கிலோ இருந்தது.

கட்டு அவிழ்ந்ததும் அவனோடு விபெக்கெயும் துறைக்கு இறங்கி வந்தாள், நனைந்த உடையோடு, உடம்பெல்லாம் பழுப்பாக. ஃபெரியில் ஐந்து கார்களும் ஒரு பால் லாரியும் நின்றன. லாரிக்காரன் வெளியூர்க்காரன், இதற்குமுன் பார்த்ததில்லை. கீழே இறங்கி நின்று கடிகாரத்தைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"என்னங்க இது, இருபது நிமிஷமா நிக்கறோம். பால் திரிஞ்சா நீங்க பொறுப்பா? என்ன காரணம்னு சொல்லுங்க."

"என் பையனுக்கு இன்னைக்கு இருபத்தஞ்சு வயசு," என்றான் தோர்கில். "வால்டெமார்."

லாரிக்காரன் அவனை மேலும் கீழும் பார்த்தான். கோபம் போன இடம் தெரியவில்லை. "அடடே! அத முன்னாடியே சொல்லக் கூடாதா? வாழ்த்துகள்!" என்று தோர்கிலின் கையைப் பிடித்துக் குலுக்கினான், அப்புறம் விபெக்கெயின் கையை. "அப்பா அம்மாவே இந்தக் கோலம்னா பையன் என்ன ஆனானோ! சொல்லி வைங்க, கல்யாணம் பண்ணாம அப்படியே இருந்தா முப்பதுல மிளகுத்தூள் அபிஷேகம்."

"அதுக்கும் நாங்கதான் நிப்போம்," என்றான் தோர்கில்.

லாரிக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். மற்றக் கார்களில் இருந்தவர்கள் சிரிக்கவில்லை. எல்லோரும் ஊர்க்காரர்கள். ஒருவர் வரைபடத்தைப் பிரித்தார், இன்னொருவர் காலுக்குக் கீழே எதையோ தேடினார். கடைசிக் காரில் இருந்தது ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். அந்தம்மா ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுத்தார். பிறகு கண்ணாடியை இறக்கினார்.

"விபெக்கெ," என்றார். "வால்டெமாருக்கு என் வாழ்த்துகள். கணக்குல படு மோசம். ஆனா அவன் இல்லாத வகுப்புக்குப் போக எனக்கே பிடிக்காது."

விபெக்கெ அந்த அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "நன்றி," என்றாள். "இன்னும் சொல்லுங்க, ஆறு நிமிஷம் இருக்கு."

தோர்கில் மேலே ஏறி இன்ஜினைப் போட்டான்.